டியூபில் எழுதுகிற பேர்

(தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் தலைவிமாருக்கும் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தைப் பற்றியும் காணியைப் பற்றியும் காலையில் நிறையப் பேசிவிட்டோம். எங்களுக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற நேரம். இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "அது டொக்டர்மாரின் விசயம், சங்கத்துக்கு அதில் என்ன வேலை?" என்று ஒரு தலைவர் வாசலிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான்.

நமக்குப் 'பேர்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று அப்பா அம்மா வைத்தது. மற்றது செக்ரோலில் விழுவது. முழுப்பேரா, அரைப்பேரா என்று மாலையில் கேட்காமல் நம்மில் யாரும் லயத்துக்குப் போவதில்லை. ஒரு நாள் பேர் தவறிவிட்டால் அடுத்த நாள் பிரட்டிலேயே கணக்கப்பிள்ளையிடம் கேட்டுவிடுகிறோம். நூறு வருசத்துக்கு மேல் ஏமாந்து ஏமாந்து பழகிய பழக்கம் அது. ஆனால் ஆஸ்பத்திரியில் நம் கையிலிருந்து எடுத்த இரத்தத்தின் மேல் என்ன பேர் எழுதப்பட்டது என்று நாம் பார்ப்பதேயில்லை. சங்கத்துக்கு இதில் உள்ள வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரிப்போட் பிழைத்தால் மெசின் பிழைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மை வேறு. இத்தாலியில் பாதுவா என்ற நகரத்து ஆஸ்பத்திரியில், அவசரப் பரிசோதனை செய்கிற ஆய்வுகூடத்தில் நடந்த தவறுகளை எண்ணிப்பார்த்து 1997 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 40,490 பரிசோதனைகளில் 189 தவறுகள் அகப்பட்டன. அதில் 100 க்கு 68 பங்கு, இரத்தம் மெசினுக்குப் போவதற்கு முன்பே நடந்தவை. ஆளை மாற்றியது, டியூபை மாற்றியது, எடுத்த விதம் பிழைத்தது, இப்படியானவை. மெசினில் நடந்தது 100 க்கு 13 தான். மீதி, முடிவு வந்த பிறகு அதை எழுதுவதிலும் அனுப்புவதிலும் நடந்தது. பத்து வருசம் கழித்து 2007 இல் அதே இடத்தில் மறுபடி எண்ணினார்கள். தவறுகள் குறைந்திருந்தன, ஆனால் மெசினுக்கு முந்திய பங்கு அப்போதும் 100 க்கு 62. பெரும்பாலான தவறுகளால் நோயாளிக்குக் கெடுதி வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சில பேருக்குத் தேவையில்லாத சிகிச்சை நடந்திருக்கிறது.

வசதியுள்ள நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிக் கணக்கு இது. அங்கே நோயாளி பேசுவது தாதிக்குப் புரியும். இரத்தம் எடுக்கிற இடமும் மெசின் இருக்கிற இடமும் ஒரே வளவுக்குள். இங்கே ஒரு டிவிசனிலிருந்து பஸ் ரோட்டுக்கு வரவே ஒரு மணித்தியாலம் பிடிக்கிறது.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரே தோட்டத்தில் இரண்டு ராஜேஸ்வரிமார். இரண்டு பேருக்கும் அப்பா பேரின் முதல் எழுத்து 'பெ'. ஒருவர் ஆறு மாதக் கர்ப்பிணி. மற்றவர் பிரஷருக்கு மருந்து எடுக்கிற அம்மா, வயது ஐம்பதைத் தாண்டியது. ஒரே நாளில், ஒரே ஆட்டோவில் போய், ஒரே வாங்கில் உட்கார்ந்து இரத்தம் கொடுத்தார்கள். ரிப்போட் வந்தது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 12.6. நல்ல கணக்கு. பெரியம்மாவுக்கு 7.8. அந்த அம்மா பயந்துபோனார். உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறதாக்கும், கென்சராக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு, நகையை அடகு வைத்து டவுனில் தனியார் இடத்தில் வேறு பரிசோதனைகள் செய்தார். இங்கே கர்ப்பிணிப் பிள்ளை மூச்சு வாங்க வாங்க மலை ஏறிக்கொண்டிருந்தது. ரிப்போட் நன்றாயிருக்கிறதே, சோம்பல்தான் என்று வீட்டிலும் சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்து வந்த மருத்துவிச்சி நோனா காகிதத்தைப் பார்க்கவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. திரும்ப இரத்தம் எடுக்க அனுப்பினார். கர்ப்பிணிக்கு 11 க்குக் கீழே போனாலே இரத்தக்குறைவு. ஏழு சொச்சத்தோடு பிரசவத்துக்குப் போயிருந்தால், கொஞ்சம் இரத்தம் போனாலும் அந்தப் பிள்ளை தாங்கியிருக்காது. தாயும் பிள்ளையும் இப்போது நன்றாக இருக்கிறார்கள். அந்த மருத்துவிச்சியின் கைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

யாரைக் குற்றம் சொல்வது? அந்த வாங்கில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டம். தாதி சிங்களத்தில் "ராஜேஸ்வரி த?" என்று கேட்கிறார். நம் பெண் எழும்பித் தலையாட்டுகிறார். அவரும் ராஜேஸ்வரிதானே, பொய் இல்லை. தாதி கேட்டது எந்த ராஜேஸ்வரியை என்பது அவருக்குத் தெரியாது. நம் ஆட்கள் ஆஸ்பத்திரியில் எதைக் கேட்டாலும் "ஓம், மிஸ்ஸி" என்பார்கள். புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள். மரியாதை பாதி, பயம் பாதி.

அதனால்தான் உலகம் முழுவதும் ஆய்வுகூட வேலையில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். "நீங்கள் இன்னாரா?" என்று கேட்கக் கூடாது, "உங்கள் முழுப்பேர் என்ன? பிறந்த திகதி என்ன?" என்று கேட்டு நோயாளியின் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். பேரோடு இன்னொன்றும் சேர வேண்டும்: பிறந்த திகதி, இல்லையென்றால் கிளினிக் நம்பர். லயத்து நம்பரோ கட்டில் நம்பரோ அதற்கு உதவாது, ஏனென்றால் அந்த நம்பரில் வேறு ஆளும் இருப்பார். டியூபில் பேர் எழுதுவது இரத்தம் எடுத்த கையோடு, நோயாளியின் கண் முன்னால் நடக்க வேண்டும். முன்கூட்டியே பேர் எழுதி அடுக்கிவைத்த டியூபில் எடுத்தால் கை மாறிவிடும்.

கேட்காவிட்டால் நாமாகவே சொல்வோம். எழும்பிப் போகுமுன் "என் பேரை எழுதினீங்களா, கொஞ்சம் காட்டுங்க மிஸ்ஸி" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. தராசு முள்ளைப் பார்க்க விடாத கங்காணியை நாம் சும்மா விடுகிறோமா? இதையும் அப்படிப் பாருங்கள், ஆனால் சண்டைக் குரலில் வேண்டாம்.

இன்னும் ஒரு சிக்கல் பேரிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வரவுப் புத்தகம் எழுதுகிற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். லெட்சுமி என்ற பேரை ஆங்கிலத்தில் ஒருவர் 'எல், ஈ' என்று தொடங்குவார், இன்னொருவர் 'எல், ஏ' என்பார், மற்றவர் 'எல், யூ, எக்ஸ்' என்பார். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் ஒன்று. வீட்டில் கூப்பிடுவது வேறு. கல்யாணத்துக்குப் பிறகு சிலர் அப்பா பேரை விட்டுப் புருசன் பேரைப் போடுகிறார்கள். ஆய்வுகூடத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. போன தடவை வந்த முடிவையும் இந்தத் தடவை வந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். போன மாதம் 12 ஆக இருந்தது இந்த மாதம் 7 என்றால், உடனே சந்தேகப்பட்டு மறுபடி சரிபார்ப்பார்கள். ஆனால் ஒரே ஆள் மூன்று பேரில் மூன்று ஆளாகப் பதிவாகியிருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஒரே பேர், அடையாள அட்டையில் இருக்கிற எழுத்திலேயே. அதில் பிழை இருந்தாலும், திருத்துகிற வரைக்கும் அந்தப் பிழையோடேயே எழுதுங்கள்.

இரத்த வகைப் பரிசோதனைக்கு இது இன்னும் முக்கியம். மாறிய வகை இரத்தம் ஏற்றினால் ஆளே போய்விடலாம். அதனால் பல ஆஸ்பத்திரிகளில் இரண்டாம் தடவையும் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். "இருக்கிற இரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கிறாங்க" என்று நம் அம்மாமார் கோபிப்பதைக் கேட்டிருக்கிறோம். ஒரு டியூபுக்குப் போவது தேக்கரண்டியில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. அந்த ஒரு கரண்டி உயிருக்குக் காவல். மறுக்காதீர்கள்.

பேருக்கு அடுத்தது நேரம். சீனி பார்க்க எடுத்த இரத்தத்தைச் சாதாரண டியூபில் அப்படியே வைத்திருந்தால், அந்த இரத்தமே தன் சீனியைத் தின்றுகொண்டிருக்கும். அறை வெப்பத்தில் மணித்தியாலத்துக்கு 100 க்கு 5 முதல் 7 வரை குறையும். காலை எட்டு மணிக்கு 140 இருந்த சீனி, பன்னிரண்டு மணிக்கு மெசினுக்குப் போகும்போது 110 அளவுக்கு இறங்கியிருக்கலாம். வெறும் வயிற்றில் 126 க்கு மேல் போனால் சீனி வருத்தம். ஆகவே வருத்தம் உள்ள ஆளை அந்த ரிப்போட் சுகமான ஆளாகக் காட்டிவிடும். இதற்காகத்தான் சாம்பல் மூடி போட்ட டியூப் இருக்கிறது. சீனி கரையாமல் பிடித்துவைக்கிற மருந்து அதற்குள் இருக்கிறது. ஊதா மூடி, இரத்தக்கணக்கு பார்ப்பதற்கு. அதற்குள் இருக்கிற மருந்து இரத்தத்தை உறையவிடாது. நிறத்தை மாற்றி எடுத்தால் கணக்கும் மாறும். வாட்டில் நிற்கிற சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை: சேலைன் ஏறுகிற கையிலேயே இரத்தம் எடுக்க வந்தால், மற்றக் கையை நீட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கலந்த பாலுக்கு என்ன கணக்கோ அதுதான் அந்த இரத்தத்துக்கும்.

நம் பக்கத்துத் தவறுகளையும் சொல்லாமல் விட முடியாது. வெறும் வயிறு என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது எட்டு மணித்தியாலம் பச்சைத் தண்ணீர் மட்டும். நம் ஆட்கள் "ஒண்ணும் சாப்பிடல மிஸ்ஸி" என்பார்கள், உண்மையாகவே அப்படித்தான் நினைப்பார்கள். விடியக்காலை குடித்த தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ. தேயிலையில் வாழ்கிறவர்களிடம் தேத்தண்ணி குடிக்காதே என்று சொல்வது எங்களுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு காலை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் சிலர் கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து மட்டும் சோற்றைக் குறைப்பார்கள். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகம் திறக்கிற பிள்ளைகளை நாங்கள் பார்க்காததா? டொக்டருக்கு வேண்டியது நல்ல மார்க் இல்லை, உண்மையான மார்க்.

சளிப் பரிசோதனைக்கு எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் காசநோய்க் கிருமி இருந்தும் இல்லையென்று வரலாம். காலையில் எழும்பியதும் ஆழமாக இருமி எடுத்த சளிதான் வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "பிழை எல்லாம் தொழிலாளிமேல்தான்" என்று யாராவது இந்தப் பேச்சைத் திருப்பினால் அதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம். எட்டு மணித்தியாலம் பட்டினியாக வா என்கிறார்கள். அந்தப் பெண் பட்டினியோடு ஆஸ்பத்திரி வரிசையில் பத்து மணி வரை நிற்கிறாள். அதற்குள் அன்றைய பேர் போய்விடுகிறது. பேர் போகக் கூடாது என்று மறுபடி ஓடிவந்து மலையில் இறங்குகிறவளுக்கு, டியூபில் என்ன எழுதினார்கள் என்று பார்க்க ஏது நேரம்? ரிப்போட்டை எடுக்க இன்னொரு நாள் போனால் இன்னொரு பேர் போகும். அதனால்தான் எத்தனையோ ரிப்போட் எடுக்க ஆளில்லாமல் லாச்சிக்குள்ளேயே கிடக்கிறது. கர்ப்பிணிமாருக்கும் நீண்டகால வருத்தக்காரருக்கும் பரிசோதனை நாளில் பேர் வெட்டக் கூடாது என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் துரையிடம் எழுத்தில் கேட்க வேண்டும். டிஸ்பென்சரியில் எடுத்த இரத்தத்தை டவுனுக்கு அனுப்புகிற தோட்டங்களில், அது எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று ஒரு கொப்பி வைக்கச் சொல்லுங்கள். கொழுந்து லொறிக்கு நேரம் எழுதுகிறார்கள். வாடிய கொழுந்துக்கு விலை இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

மொழியையும் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கிற உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. இரத்தம் எடுக்கிற இடத்தில் "முழுப்பேரையும் பிறந்த திகதியையும் சொல்லவும்" என்று தமிழில் ஓர் அட்டை தொங்கவிட எவ்வளவு செலவாகும்? ஆஸ்பத்திரிக் கமிட்டியில் நம் ஆட்கள் இருக்கிற இடங்களில் அட்டையை நாமே எழுதிக் கொடுக்கலாம்.

மெசினைப் பற்றி ஒரு சொல். மடுவத்துத் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்று நிறுக்குமுன் பார்க்கிறோம் அல்லவா? ஒழுங்கான ஆய்வுகூடத்திலும் அப்படித்தான். முடிவு முன்பே தெரிந்த ஒரு மாதிரியை முதலில் மெசினில் போட்டு, சரியான கணக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் நோயாளியின் இரத்தத்தைத் தொடுவார்கள். தனியார் இடத்துக்குக் காசு கொடுத்துப் போகிறவர்கள் இரண்டு விசயம் கேட்கலாம். இந்த இடம் சுகாதார அமைச்சில் பதிவு செய்ததா? 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும். இரத்தம் இங்கேயே பார்க்கப்படுகிறதா, வேறு ஊருக்குப் போகிறதா? டவுனில் பல இடங்கள் இரத்தம் சேர்க்கிற இடங்கள் மட்டும்தான். ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தரச் சான்று பெற்ற ஆய்வுகூடங்களும் நாட்டில் உண்டு. அந்தச் சான்று இருந்தால் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

ரிப்போட் கைக்கு வந்த பிறகும் பார்க்க வேண்டியது இருக்கிறது. முதலில் பேரும் வயதும். 28 வயதுப் பிள்ளையின் ரிப்போட்டில் 54 என்று இருந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். ராஜேஸ்வரிமார் விசயத்தில் வயதை ஒருவர் பார்த்திருந்தாலும் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். அடுத்தது அளவு. சீனியைச் சில இடத்தில் மில்லிகிராமிலும் சில இடத்தில் மில்லிமோலிலும் எழுதுவார்கள். 126 உம் 7 உம் ஒரே சீனிதான், பதினெட்டால் பெருக்கினால் சரி. போன மாதம் 140, இந்த மாதம் 8 என்று சந்தோசப்பட்டு மாத்திரையை நிறுத்திய ஒருவரை எங்களுக்குத் தெரியும். எட்டைப் பதினெட்டால் பெருக்கினால் 144.

ரிப்போட் வரவில்லையென்றால் எல்லாம் சரி என்று நினைப்பதும் பிழை. வரவில்லையென்றால் வரவில்லை, அவ்வளவுதான். போய்க் கேளுங்கள். பாரமான முடிவு வந்தால் போன் எடுத்துச் சொல்ல நினைக்கிற ஆய்வுகூடமும், நாம் கொடுத்த நம்பர் கொழும்பில் கடையில் நிற்கிற மகனின் பழைய சிம்மாக இருந்தால் என்ன செய்யும்? தோட்டத்தில் எப்போதும் எடுக்கக்கூடிய ஒரு நம்பரைக் கொடுங்கள்.

உடம்பு ஒன்று சொல்லி ரிப்போட் வேறு சொன்னால் உடம்பை நம்பி இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். கேட்கும்போது குரலை உயர்த்தாதீர்கள். ஆய்வுகூடத்தில் இருக்கிறவரும் தொழிலாளிதான். 2022 நெருக்கடியில் மருந்துக்கும் பரிசோதனைப் பொருட்களுக்கும் தட்டுப்பாடு வந்தது, எத்தனையோ ஆட்கள் வெளிநாட்டுக்குப் போனார்கள். இரண்டு பேரின் வேலையை ஒருவர் செய்கிற இடங்கள் இருக்கின்றன. தவறு நடந்தால் அதைப் பதிவு செய்யுங்கள், எப்படி நடந்தது என்று பாருங்கள் என்று கேட்போம். ஒருவரைத் திட்டி அனுப்பிவிட்டால் அடுத்த தவறை அவர் மறைத்துவிடுவார்.

அடுத்த மாதச் சந்தாக் கூட்டத்தில் ஒவ்வொரு டிவிசனிலும் ஓர் அட்டை எழுதும் வேலை இருக்கிறது. பேர் அடையாள அட்டையில் உள்ளபடி தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், பிறந்த திகதி, கிளினிக் நம்பர், எடுக்கிற மருந்து, போன் நம்பர். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று மொழியிலும் அழகாக எழுதுவார்கள், அவர்களை அழைத்துவருவது எங்கள் பொறுப்பு. இரத்த வகையை அதில் எழுதப்போவதில்லை. அதை ஆஸ்பத்திரி தன் கையால் பார்க்கட்டும். வரும்போது அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். கர்ப்பிணிமாரின் அட்டைகளை முதலில் எழுதுவோம்.